அத்தியாயம் 5: வேகம் முதலில், ஊர் பிறகு

குடும்பமாகச் சுற்றுலா கிளம்பலாம் என்று பேச்சு எழுந்தவுடன் எல்லோரும் ஊர்ப் பெயரைச் சொல்லத் தொடங்குவார்கள். ஊட்டி, கொடைக்கானல், கோவா, காசி. அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் கேட்க வேண்டியது: நம்மில் யார் சீக்கிரம் களைத்துப்போவார்கள்? அவருடைய வேகம்தான் அந்தப் பயணத்தின் வேகம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது குழந்தை. மூட்டு வலி உள்ள அம்மா கூட வந்தால் அம்மா. அந்த ஒருவருக்குத் தோதாகத் திட்டம் போட்டால் மற்றவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். அவரை இழுத்துக்கொண்டு ஓடினால் இரண்டாம் நாளே எல்லோருக்கும் முகம் சுருங்கிவிடும்.

வேகத்தைக் கணக்கிடும் முறை

1. வருகிறவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று விவரம்: நிற்காமல் எத்தனை படி ஏற முடியும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டும், எந்தெந்த நேரத்தில் சாப்பாடும் மாத்திரையும்.

2. பெரியவர்களிடம் ‘முடியுமா?’ என்று கேட்காதீர்கள். ‘எனக்கென்னப்பா, நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வரேன்’ என்றுதான் அம்மா சொல்வார். ஒரு வாரம் முன்பு அவரோடு காய்கறிக் கடைக்கு நடந்து போய் வாருங்கள். எங்கே நிற்கிறார், எந்தப் படியில் கைப்பிடியைத் தேடுகிறார் என்று கவனித்தாலே விடை தெரிந்துவிடும்.

3. ஒரு நாளில் வண்டியில் உட்காரும் நேரத்துக்கு எல்லை வையுங்கள். குழந்தையோ முதியவரோ இருந்தால் 5 மணி நேரம் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும்.

4. ஓர் ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். தினமும் பெட்டி கட்டுவதுதான் சுற்றுலாவில் ஆளைச் சாய்க்கும் வேலை.

5. இதெல்லாம் முடிந்த பிறகு ஊரைத் தேர்ந்தெடுங்கள். பாதி ஊர்கள் தாமாகவே கழிந்துபோயிருக்கும்.

கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை

இந்த வயதில் குழந்தைக்கு இடம் முக்கியமில்லை. மணல், தண்ணீர், ரயில் ஜன்னல், புது அறையில் குதிக்க ஒரு மெத்தை போதும். ஆகவே அருகில் உள்ள ஊராகப் பாருங்கள். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும் கடற்கரையும் நடை தூரத்திலேயே இருக்கின்றன. ஓர் அறை எடுத்து இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம்.

ரயிலில் 5 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் தனி பெர்த்தும் கிடையாது. 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால், பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். இரவுப் பயணத்தில் பணத்தை மிச்சப்படுத்த ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெர்த் எடுக்காமல் விடுகிறார்கள். அந்த இரவு தாயும் தூங்குவதில்லை, பிள்ளையும் தூங்குவதில்லை. முழு டிக்கெட்டே எடுங்கள்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குக் காது அடைத்து வலிக்கும். அந்த நேரத்தில் பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும். கர்ப்பிணிகள் டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். ஏழாம் மாதத்திலிருந்து மருத்துவரின் சான்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

பள்ளிப் பருவம்

இப்போது காலண்டர் உங்கள் கையில் இல்லை, பள்ளியின் கையில். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் ஊரே கிளம்பும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே, பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல், காலை 8 மணிக்குத் திறக்கிறது. விடுமுறை தேதி தெரிந்த அன்றே அந்த 60ஆம் நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். தத்காலை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தத்கால் எடுக்க முடியும். கணக்கு சரியாக இருந்தாலும் விடுமுறை நாளில் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

மலை ஊர்களுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். அறைக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பாஸ் தேடுகிறவர்கள் நிறைய. பாஸ் முதலில், அறை பிறகு. அரசுப் பேருந்தில் போனால் பாஸ் கவலை இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலைப் பிள்ளைகள் வாழ்நாளெல்லாம் நினைவில் வைத்திருப்பார்கள். 46 கிலோமீட்டர், மேலே ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையை எஞ்சின் கவ்விக்கொண்டு ஏறுவதை, வண்டி நிற்கும் இடத்தில் இறங்கிக் காட்டுங்கள். ஆனால் பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. வழியில் நிற்கும் ஸ்டேஷன்களில்தான். மூன்று வயதுக் குழந்தையோ தாத்தாவோ கூட இருந்தால் முழு வழியும் வேண்டாம். குன்னூருக்குச் சாலையில் போய், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏறுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயிலை ரத்து செய்வது வழக்கம் என்பதால் கையில் மாற்று வழி ஒன்று இருக்கட்டும்.

கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதைத் தடுக்க:

1. ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி. வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது.
2. கையில் உள்ள மொபைலை வாங்கி வையுங்கள். வளைவில் திரையைப் பார்ப்பதுதான் முதல் காரணம். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.
3. கடைசி சீட்டில் உட்கார வைக்காதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.
4. மாத்திரை தருவதானால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு அளவு தெரிந்துகொண்டு தாருங்கள். வழியில் மெடிக்கலில் வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.
5. கொல்லிமலைக்கு 70 வளைவு, வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்குச் சேலம் வழியாக 20. முதல் மலைப் பயணத்துக்கு ஏற்காடு போதும்.

தண்ணீர் எச்சரிக்கை. நம் ஊர்ச் சுற்றுலாவில் உயிர் போகும் இடம் பெரும்பாலும் தண்ணீர்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு பள்ளி மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்; மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கும். அருவியில் தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, எண்ணெய் தேய்த்த உடம்போடு இருந்தாலும் அந்த நொடியே வெளியேறுங்கள். கடலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்க வேண்டாம். போட்டோவுக்காக அலைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்திருந்தால் பயனில்லை. வார் மாட்டிய பிறகு படகு கிளம்பட்டும்.

பதின்பருவப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. அவர்களை மூட்டையோடு மூட்டையாக ஏற்றிச் செல்லாதீர்கள். ஒரு முழு நாளை, அதற்கான பணத்தோடு, அவர்கள் திட்டமிடட்டும். எங்கே சாப்பிடுவது, எந்த பஸ், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. தவறினால் குறுக்கே விழாதீர்கள்.

மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில்

மனத்துக்கு நிறைவு தருவதும், திட்டமிடக் கடினமானதும் இந்தப் பயணம்தான். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர். எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. காலையும் இரவும் சேர்ந்திருங்கள், நடுப்பகலில் பிரியுங்கள். பேரன்கள் மலை ஏறட்டும். தாத்தா அறையில் கொஞ்சம் தூங்கட்டும். அதற்காகத்தான் ஓர் ஊரில் இரண்டு இரவு என்றேன்.

ரயில் டிக்கெட்டில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. எட்டுப் பேரில் ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டு, பாட்டிக்கு அப்பர் பெர்த் வந்துவிட்டதென்று டிடிஇ பின்னால் ஓடுவது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்க வேண்டும். இருவருமே அந்த வயதுக்காரராக இருக்க வேண்டும். ஆகவே:

1. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். பதிவு செய்யும்போது மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள்.
2. மற்றவர்களுக்கு அதே ரயிலில், அதே வகுப்பில் இன்னொரு டிக்கெட்.
3. பெட்டி மாறி விழுந்தால் பெரியவர்களோடு ஒருவர் இடம் மாறி உட்காருங்கள். லோயர் பெர்த்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து அவர்களை உங்கள் பெட்டிக்கு அழைத்து வராதீர்கள்.

மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

வேன் எடுப்பதானால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், வெளி மாநில பர்மிட் யார் பொறுப்பு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். டிரைவர் இரவில் படுக்க இடம் கேளுங்கள். லாட்ஜில் இல்லையென்றால் வேறு ஏற்பாடு செய்யுங்கள். தூங்காத டிரைவரின் கையில் உங்கள் மூன்று தலைமுறையும் இருக்கிறது. இரவு 10 முதல் காலை 5 வரை வண்டி ஓட வேண்டாம்.

அறை பதிவு செய்யும்போது போனில் கேட்க வேண்டியவை: கீழ்த்தளத்தில் அறை உண்டா, லிஃப்ட் உண்டா, ஓடுகிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, குளியலறைத் தரை வழுக்குமா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும். ‘எல்லாம் இருக்கு சார்’ என்பது பதில் இல்லை. அறையின் போட்டோவோடு குளியலறையின் போட்டோவையும் அனுப்பச் சொல்லுங்கள்.

கோயில்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெரியவர்களின் சுற்றுலா பாதிக்கு மேல் கோயில்தான். பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி, 4 மணிக்குத் திறக்கும். 11.30க்குப் போய்ச் சேரும்படி திட்டம் போடுகிறவர்கள், வழியில் கொஞ்சம் தாமதமானாலும் பூட்டிய வாசலில் நான்கு மணி நேரம் உட்கார வேண்டிவரும். வெயில் நேரத்தில் கல் தளம் கொதிக்கும். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாது. அறைக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கும், அது புண்ணாகி ஆறாமல் மாதக்கணக்கில் வாட்டும். கெட்டியான பருத்திச் சாக்ஸ் போடச் சொல்லுங்கள், காலை 9 மணிக்கு முன்போ மாலையிலோ பிராகாரம் சுற்றுங்கள், இரவில் நீங்களே குனிந்து அப்பாவின் பாதத்தை ஒருமுறை பாருங்கள்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடும் பாதை முழுக்க ஈரம். கை பிடித்துக்கொள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும்; எலும்பு தேய்ந்தவர்கள் அந்த ஓட்டத்தில் சேராமல் தரிசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பழனியில் 693 படிக்கு மாற்றாக வின்ச் ரயிலும் ரோப்காரும் உண்டு. பலத்த காற்றில் ரோப்கார் நிற்கும், ஆண்டுப் பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். கிளம்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள்.

குறிப்பு. வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து நம் வீட்டுப் பெண்கள், அதிலும் வயதானவர்கள், தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்கிறார்கள். தலைசுற்றலும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று மட்டும் அதைத் தாங்களாகவே நிறுத்திவிடுவதும் உண்டு. ‘அம்மா, பாத்ரூம் போகணுமா?’ என்று பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். நல்ல ஓட்டலோ பெட்ரோல் பங்கோ வந்ததும், யாரும் கேட்காமலே வண்டி நிற்கட்டும்.

ஐம்பதுகளில்: படிப் பட்டியல்

பிள்ளைகள் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விட்டார்கள். ‘ரிடையர் ஆனதும் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப் போடும் வயது இது. தள்ளிப் போடாதீர்கள். பணமும் நேரமும் அறுபதில் கூடலாம்; முழங்கால் கூடாது.

1. வாழ்நாளில் பார்க்க ஆசைப்படும் இடங்களைக் கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு சேருங்கள்.
2. பட்டியலைத் தூரத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். படியையும் உயரத்தையும் வைத்து வரிசைப்படுத்துங்கள். சிரவணபெளகொளாவில் கோமதீஸ்வரரைப் பார்க்கச் செருப்பில்லாமல் அறுநூறுக்கும் மேற்பட்ட படி ஏற வேண்டும். அஜந்தா, எல்லோரா, கேதார்நாத், லே, வெள்ளியங்கிரி எல்லாம் பட்டியலின் தலையில் வர வேண்டும். காசி, சிங்கப்பூர், கேரளப் படகு வீடு எல்லாம் எழுபதிலும் காத்திருக்கும்.
3. மேலிருந்து ஆண்டுக்கு ஒன்றாகப் போய் வாருங்கள். அமர்நாத் யாத்திரைக்கு 70 வயதுக்கு மேல் அனுமதியே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.
4. லே போன்ற 3,500 மீட்டர் உயர ஊருக்கு விமானத்தில் போனால் முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வு. தலைவலியோடு இன்னும் மேலே ஏறக் கூடாது. மூச்சு திணறினாலோ நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.
5. வார நாட்களில் போங்கள். அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கிறவர்கள் கிழமையைப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பின்

கையில் மொத்தமாகப் பணம் வந்தவுடன் பெரிய வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் பொறுங்கள். மாதச் செலவு எவ்வளவு என்று தெளிவாகத் தெரியட்டும். பயணத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை அதில் விழும்படி செய்யுங்கள். மருத்துவத்துக்கு வைத்த பணம் பயணத்துக்கு நகரவே கூடாது.

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். அந்த மாதத்தில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறவர்கள், டிஜிட்டல் சான்று தரும் வழியைக் கிளம்பும் முன்பே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

குழுச் சுற்றுலாவில் சேர்வது இந்த வயதில் நல்ல வழி; பேச்சுத் துணை கிடைக்கும், டிக்கெட் அலைச்சல் இல்லை. இப்படிக் குழுச் சுற்றுலாவுக்கென்றே ஓடும் பாரத் கௌரவ் ரயில்களில் முதலாவது 2022 ஜூனில் கோவையிலிருந்துதான் ஷீரடிக்குக் கிளம்பியது. ஆனால் ‘10 நாளில் 14 ஊர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் பக்கத்தைத் திருப்புங்கள். ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டும் முன் கேளுங்கள்: எத்தனை இரவு ரயிலில், எத்தனை இரவு அறையில்? லோயர் பெர்த் உறுதியா? ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அவரோடு யார் தங்குவார்? கிளம்ப முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? பதில் தாளில் வராவிட்டால் சேராதீர்கள்.

வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, இதய நோய், செய்துகொண்ட அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடும் என்று மறைத்தால், ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது கையை விரித்துவிடுவார்கள். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நாடுகள் அதைக் கேட்கின்றன.

எழுபத்தைந்தை ஒட்டியவர்களுக்கு என் யோசனை, ஊர் ஊராகப் போகாமல் ஓர் ஊரில் போய் இருப்பது. தஞ்சாவூரில் அறை எடுத்து நான்கு நாள் தங்குங்கள். ஒரு நாள் மாலை பெரிய கோயில், ஒரு நாள் காலை தாராசுரம், ஒரு நாள் எங்கும் போகாமல் ஓட்டல் வராந்தாவில் பேப்பர் படிப்பது. அதுவும் சுற்றுலாதான்.

துணையை இழந்தவர்களைப் பிள்ளைகள் வீட்டோடு இருத்திவிடுகிறார்கள். ‘அம்மாவைத் தனியா எப்படி அனுப்புறது?’ என்பது அக்கறைதான். ஆனால் அம்மாவுக்குப் போக ஆசையா என்று கேட்க வேண்டும். முதலில் தெரிந்த ஊருக்கு, தங்கை வீட்டுக்கு, பகல் ரயிலில். அடுத்தது தெரிந்த இரண்டு தோழிகளோடு இரண்டு நாள். பிறகு குழு. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை போன் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொருமுறை அழைத்துக் குடையாதீர்கள்.

மருந்துப் பை

1. பயண நாட்களுக்கு வேண்டியதோடு நான்கு நாள் மாத்திரை கூடுதல். இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில்.
2. மருந்துச் சீட்டின் நகல் பையில், போட்டோ இரண்டு பேரின் மொபைலில். மாத்திரையை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள்.
3. இன்சுலின் கைப்பையில் மட்டும். விமானத்தில் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். காரின் டேஷ்போர்டில் வெயிலில் கெட்டுப்போகும். ஐஸ்கட்டியை நேராகத் தொடும்படியும் வைக்கக் கூடாது.
4. சர்க்கரை இறங்கினால் உடனே தர குளுக்கோஸோ மிட்டாயோ, பெட்டியின் அடியில் அல்ல, சட்டைப் பையில்.
5. ஆம்புலன்ஸ் 108, ரயிலுக்குள் உதவி 139, பொது அவசர உதவி 112. பெரியவர்களின் பர்ஸில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பக்கத்தில் பிள்ளைகளின் எண், ரத்த வகை, ஒவ்வாத மருந்து.

பூட்டும் முன், திரும்பிய பின்

சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், மோட்டார் சுவிட்சை அணையுங்கள், பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பல நாள் போவதானால் பக்கத்து வீட்டிலும் உள்ளூர் காவல் நிலையத்திலும் தகவல் சொல்லுங்கள். படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஊர் திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

திரும்பும் நாளை ஞாயிறு இரவாக வைக்காமல் சனிக்கிழமையாக வையுங்கள். அடுத்த நாள் பெரியவர்களின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, முதலில் எழுதிய அந்தத் தாளை எடுத்து, யாருக்கு எந்த இடத்தில் சிரமமாக இருந்தது, எந்த லாட்ஜில் வெந்நீர் சரியாக வந்தது, எந்த டிரைவர் நிதானமாக ஓட்டினார் என்று போன் எண்ணோடு குறித்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடும்போது அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.